முதல் பெஞ்சின் தலையாட்டல்

— …அதனால வகுப்பு மொத்தமும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். இனிமே பிசிக்ஸ் வகுப்புல நீ தலையாட்டக் கூடாது.

— இது என்னடி அநியாயம்? என் தலை, என் கழுத்து!

— தலை உன்னுதுதான். அது ஆடுறதுக்கு அனுபவிக்கிறது நாங்க. பொறு, முடிச்சுக்கிறேன். சார் போர்டு நிறைய ஒரு சமன்பாடு எழுதுறார். எழுதிட்டுத் திரும்பி யாரைப் பார்க்குறார்?

— வகுப்பைப் பார்க்குறார்.

— வகுப்பையா? உன்னைப் பார்க்குறார். “விளங்குதா?”ங்கிறார். நீ சாவி கொடுத்த பொம்மை மாதிரி ஆட்டுற. உடனே டஸ்டரை எடுத்து மொத்தத்தையும் அழிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுறார். நாங்க அப்பத்தான் நோட்டுல தேதியே எழுதி முடிச்சிருப்போம்.

— நான் ஒருத்தி ஆட்டினா அவர் எதுக்கு அழிக்கணும்?

— மத்தவங்க எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் குனிஞ்சுக்கிறோமில்ல! நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது நீ ஒருத்திதான். கடைசி பெஞ்ச் பசங்க உனக்குக் கழுத்துப்பட்டை வாங்கித் தர்றதா சொல்லியிருக்காங்க. கழுத்து சுளுக்கினா டாக்டர் மாட்டிவிடுவாரே, அது.

— வாங்கித் தரட்டும், போட்டுக்கிறேன். கிளாஸ் லீடர் ஆனதுல இருந்து உனக்கு வாய் ஒரு முழம் நீண்டு போச்சு.

— பொறு, முடிச்சுக்கிறேன். வெள்ளிக்கிழமை தேர்வு. அதுல பாதி மார்க்காவது வாங்கலைன்னா வருஷக் கடைசிப் பரீட்சைக்கே உள்ள விட மாட்டாங்க. உனக்கென்ன, ஜம்முனு எழுதிட்டுப் போயிடுவ. எங்க கதி என்ன ஆகுறது?

— எனக்கும் ஒண்ணும் புரியலைடி.

— எது? இன்னைக்குக் கடைசியா போட்ட கணக்கா?

— இல்ல. முதல்ல இருந்தே.

— முதல்லன்னா எங்க இருந்து?

— புத்தகத்துக்கு அட்டை போட்டேன் பாரு, அது வரைக்கும் புரிஞ்சுது.

— அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி ஆட்டித் தொலைச்ச?

— எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான். வாத்தியார் நம்ம முகத்தைப் பார்த்தா ஆட்டணும். ஆட்டலைன்னா எழுப்பிக் கேள்வி கேட்பார். பன்னிரண்டு வருஷப் பழக்கம்டி. அவர் திரும்பினாலே தலை தன்னால போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?

— நாங்க உன்னை மேதைன்னு நெனச்சு வயிறு எரிஞ்சுக்கிட்டு இருந்தோம்! சரி விடு, இனிமே ஆட்டாதே. முடிஞ்சுது கதை.

— எங்க முடிஞ்சுது? இன்னைக்கு மணி அடிச்சப்புறம் சார் என்னைக் கூப்பிட்டாரே, எதுக்குன்னு நெனச்ச?

— பாராட்டத்தான். வேறெதுக்கு?

— நாளைக்குக் காலையில அந்தச் சுழற்சிப் பாடத்தை என்னை நடத்தச் சொல்லிட்டார். “புரிஞ்சவங்க சொன்னாத்தான் மத்தவங்களுக்கு விளங்கும், நீ போர்டுக்கு வா”ன்னு.

— நடத்தச் சொன்னாரா? உன்னையா?

— சிரிக்காதேடி! போர்டு முன்னாடி நின்னு நான் என்னத்தைச் சொல்லுவேன்? மானம் போயிடும். அப்புறம் இந்தக் கல்லூரிப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன். எங்க அண்ணன் வேற, “உனக்கு எதுக்கு பிசிக்ஸ், பேசாம டைப்பிங் கிளாஸ் போ”ன்னு முதல் நாளே சொன்னான். நாளைக்குச் சாயங்காலமே சேர்த்து விட்டுடுவான்.

— எழுந்திரு.

— எங்க?

— சார் ரூமுக்கு. புரியலைன்னு இப்பவே சொல்லிடு. ஒரு நிமிஷ அவமானத்தோட போயிடும்.

— திட்டுவாரே!

— நான் கூட நிக்கிறேன். நடடி. மெதுவா, படி இருக்கு… கதவு திறந்துதான் கிடக்கு. போ உள்ள.

— நீதானே லீடர், நீ முதல்ல போ.

— உள்ள வரலாமா சார்?

— வாங்கம்மா, வாங்க! அட, நாளைய டீச்சரும் வந்திருக்காங்களா? என்னம்மா, ஒரு போர்டு போதுமா, இன்னொண்ணு கொண்டுவந்து போடச் சொல்லவா?

— சார்… எனக்கு அந்தப் பாடம் புரியலை சார்.

— பணிவு நல்லதுதாம்மா. அதுக்காக இவ்வளவா?

— பணிவெல்லாம் இல்ல சார். நிஜமாவே புரியலை.

— எந்த இடம்? சும்மா சொல்லு.

— நிலைமத் திருப்புத்திறன் சார்.

— அதுல எது?

— அந்தப் பேரே சார்.

— என்னம்மா இப்படிச் சொல்றே? அதுக்கு நீ ரெண்டு தடவை தலையாட்டினியே!

— முதல் தடவை பயத்துல சார். ரெண்டாவது தடவை மூக்குல சாக்பீஸ் தூள் ஏறிடுச்சு. தும்மல் வந்துச்சு.

— தும்மலா அது?

— சார், நான் லீடர், நான் சொல்றேன். இவளுக்குன்னு இல்ல, யாருக்குமே புரியலை. கோவிச்சுக்காதீங்க… பொறுங்க சார், முடிச்சுக்கிறேன். சக்கரம் எந்தப் பக்கம் சுத்துனா அச்சுல திசை எந்தப் பக்கம்னு வலது கை விதி சொல்லிக் கொடுத்தீங்களே, அதை நீங்க இடது கையால காட்டினீங்க.

— சேச்சே! நானா?

— வலது கையில சாக்பீஸ் இருந்துச்சு சார்.

— அடக் கடவுளே! அதனாலதான் சக்கரக் கணக்குக்கு விடை மைனஸ்ல வந்து நின்னுச்சா?

— அதுல இருந்து எங்க எல்லாருக்கும் மைனஸ்தான் சார். கடைசி பெஞ்ச் பசங்களுக்கு மட்டும் சரியா வருது. அவங்க உங்களைக் கவனிக்கிறதில்ல, புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுறாங்க.

— எனக்கும் அன்னைக்கு ஒரு மாதிரியாத்தாம்மா இருந்துச்சு. எங்கேயோ உதைக்குதேன்னு திரும்பி இந்தப் பொண்ணைப் பார்த்தேன். ஆட்டிட்டா. அப்ப சரியாத்தான் இருக்கும்னு அழிச்சுட்டேன்.

— சார், நீங்க எதுக்கு இவளைப் பார்த்துச் சரிபார்க்கணும்?

— மெதுவா பேசும்மா, பக்கத்து ரூம்ல துறைத்தலைவர் இருக்கார். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து… இங்க வந்ததுல இருந்து எனக்கு ஒளியியல்தாம்மா. லென்ஸ், கண்ணாடி, நிறமாலை. நடுராத்திரி தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இந்த வருஷம் யார் கண்ணு பட்டுச்சோ, இயக்கவியலைத் தூக்கி என் தலையில கட்டிட்டாங்க.

— சார், ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லும்மா. இனிமே நீ வாயைத் திறந்து சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை.

— நாளைக்கு என்னால நடத்த முடியாது சார். நீங்களே முதல்ல இருந்து ஒரு தடவை மெதுவா நடத்திடுங்க. புரியாத இடத்துல எழுந்து நின்னு கேட்கிறேன். எங்க அண்ணன் என்ன சொன்னாலும் சரி, நான் இதைப் படிச்சே ஆகணும் சார்.

— நீ கேட்கிறது நியாயம்தான். ஆனா நான் எப்படிம்மா…

— என்ன சார் தயக்கம்? நீங்களும் இதையெல்லாம் படிச்சுப் பாஸ் பண்ணித்தானே வாத்தியாரா வந்தீங்க!

— பாஸ் பண்ணேம்மா, நல்ல மார்க்கே வாங்கினேன். ஆனா சுழற்சிப் பாடத்தை மட்டும் அப்பவே சாய்ஸ்ல விட்டுட்டேன். நீ நடத்தினா, கடைசி பெஞ்சுல உட்கார்ந்து இப்பவாவது கத்துக்கலாம்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்.