துரைக்கு ஊசி போட்டாச்சு

நாய்க்கு முடி வெட்டுவது மனிதருக்கு வெட்டுவதைவிடச் சுலபம். நாய் கண்ணாடி கேட்காது. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லாது. கூட்டி வருகிறவர்கள்தான் வாய் ஓயாமல் பேசுவார்கள். வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

ஒரு அம்மாளின் பூனை ஊசி போட்ட அன்று முழுக்கத் தூங்கியதாம். பூனை வேறு என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை, வாடிக்கையாளர் அல்லவா. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் பிழைக்கிற வழி என்பார். அவருக்குத் தலையாட்டித் தலையாட்டி எனக்கும் அது சரியென்று பட்டுவிட்டது. பிறகு மற்றவர்களுக்கு நானே எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். கையில் கத்தரிக்கோலோடு சொன்னால் எதையும் நம்புகிறார்கள்.

என் மனைவி கணக்கு டீச்சர். அவளிடம் இந்தப் பேச்சு எடுபடாது. எங்கள் நாய் துரைக்கு வருஷா வருஷம் ஊசி போட்டே ஆகவேண்டும் என்பாள். நானும் மறுத்ததில்லை. துரையைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, பூங்காவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, கழுத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவித் திரும்பி வருவேன். அவளுக்கு அந்த வாசனை போதும். வீட்டில் சண்டை இல்லாமல் இருக்க மனிதன் என்னவெல்லாமோ செய்கிறான்.

துரை வெள்ளை நாய், பஞ்சுபோல் சுருட்டை முடி, இடது காது மட்டும் பழுப்பு. ஒருநாள் கடைக்குப் பின்சந்தில் ஏதோ தெருநாயோடு கட்டிப் புரண்டுவிட்டு வந்தான். காயத்தைக் கழுவி விட்டேன், மறந்தும் போனேன். சில வாரம் கழித்து மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தபோது, சும்மா தடவப்போன அவர் கையைக் கவ்விவிட்டான்.

மச்சான் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தார். ஆள் மலை மாதிரி இருப்பார்; ஊசி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார். ஒரே ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"வருஷா வருஷம் தவறாம போட்டுடறோம்" என்றேன்.

இருந்தாலும் இவருக்குப் போட்டுவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. மச்சான் என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, போட்டுக்கணுமா?"

"எதுக்கு மச்சான் வீண் வம்பு? நம்ம துரைதானே."

அவருக்கு உயிர் வந்தது. டாக்டரம்மாவுக்கு மனமில்லை. பத்து நாள் நாயைக் கட்டிப்போட்டுக் கவனியுங்கள், கொஞ்சம் மாற்றம் தெரிந்தாலும் அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

என் கண்ணெதிரே இருக்கட்டும் என்று துரையைக் கடையிலேயே கட்டினேன். அவன் சாப்பிடவில்லை. மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டான், வாயில் எச்சில் வழிந்தது. கயிற்றைச் சரிசெய்யப் போனபோது என் கையிலும் பல் பட்டது. வார முடிவுக்குள் செத்துக் கிடந்தான். கடைக்குப் பின்னாலிருந்த கொல்லையில் புதைத்தேன். அப்போதுகூட ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் போட்டால் முதலில் ஸ்பிரிட் விஷயத்தைச் சொல்லவேண்டும்.

அன்று மத்தியானமே நாய்க் காப்பகம் ஒன்றுக்குப் போனேன். அதே உயரத்தில் வெள்ளைச் சுருட்டை நாய் ஒன்று கிடைத்தது. அதற்கு எல்லா ஊசியும் போட்டிருந்தார்கள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தொழில் கைகொடுத்தது. முகத்தை வட்டமாக வெட்டி, வாலைக் குஞ்சமாக்கி, இடது காதுக்குப் பழுப்புச் சாயம் ஏற்றினேன். சொன்னால் தற்பெருமை ஆகும். பெற்ற தாய்க்கே சந்தேகம் வந்திருக்காது.

மறுநாள் மச்சான் என் கடைக்கு வந்தார். தூக்கம் வரவில்லையாம். நாயைப் பார்த்ததும் பயந்து பயந்து கையை நீட்டினார். அது நக்கிக் கொடுத்தது. துரை அவரை ஒருநாளும் நக்கியதில்லை. அந்தப் பெரிய மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவன் நல்லா இருந்தா நானும் நல்லா இருக்கேன்னுதானே அர்த்தம், மாப்ள?"

ஆமாம் என்றேன். அவரைப் பயமுறுத்த எனக்கு மனசு வரவில்லை.

வீட்டில் என் மனைவி, துரை ரொம்பச் சாதுவாகிவிட்டானே என்றாள். கடித்துவிட்ட வருத்தம் என்று சொன்னேன். அண்ணனிடம் அதையே சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னால் வந்தது.

இரண்டு மாதம் கழித்து மச்சானுக்குக் கை குறுகுறுத்தது, காய்ச்சல் வந்தது. தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் தொண்டை இழுத்துக்கொண்டது. கடை முழுக்கக் குழாயும் ஷவரும் விற்றவர், ஆஸ்பத்திரியில் குழாய் திறக்கும் சத்தத்துக்கே கத்தினார். அதே டாக்டரம்மா நாய் எங்கே என்று கேட்டார். வீட்டில் படுத்திருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். என் மனைவி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் போய்விட்டார்.

பிறகு சுகாதாரத் துறையிலிருந்து உங்கள் ஆட்கள் வந்து நாயின் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சிப்பைப் படித்தார்கள். காப்பகத்தின் பெயர் வந்தது. சாயம் போட்ட எனக்குச் சிப் இருக்கும் என்பது நினைவுக்கு வரவில்லை.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். பொய் சொன்னது நான், மச்சானைத் தடுத்தது நான், நாயை மாற்றியதும் நான்தான். என் கையிலும் பல் பட்டதே, எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரம்மா கேட்கிறாராம். துரையைப் புதைத்த கையோடு, மண்ணைக்கூடச் சரியாகக் கழுவாமல், ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். மீதி ஊசிகளையும் ஒரு நாள் தவறாமல் போட்டுக்கொண்டேன். அதை வைத்து நான் ஊசியை நம்புகிறவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.