ஆடாத படம்

எனக்குப் பூனைகளைப் பிடிக்கும். எக்ஸ்ரேயில் அவற்றின் விலா எலும்புகள் சீப்புப் பல் மாதிரி அத்தனை ஒழுங்கு, பார்த்தாலே சிரிப்பு வரும்.

கால்நடை மருத்துவப் படிப்பை நான் பாதியில் விட்டதும், அக்கா புருஷன் தன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சேர்த்துக்கொண்டார். அத்தான் கெட்டிக்கார டாக்டர், வாய்தான் சும்மா இருக்காது. அடிபட்டு வருகிற பிராணிக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் படம் ஆடும். "மச்சான், இது நுரையீரலா, பனிமூட்டமா?" என்பார். நர்சுகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. மூச்சுத் திணறும் எதையும் மல்லாத்தக் கூடாது. உள்ளே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை கிழிந்து, ஈரலும் குடலும் நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். ஒருக்களித்துக் கிடந்தால் எப்படியோ சமாளிக்கும். மல்லாத்தினால் போச்சு.

ஸ்கூட்டரில் அடிபட்ட நாய்க்குட்டி ஒன்றை மறந்துபோய்த்தான் மல்லாத்தினேன். சீக்கிரமே அடங்கிவிட்டது. வந்ததற்கு ஒரு படம் எடுத்தேன். பேனாவில் வரைந்த மாதிரி விழுந்தது.

அத்தான், "உசிரு போனப்புறம்தானே மல்லாத்தினே?" என்றார்.

"ஆமா அத்தான்."

"இத்தனை நாளா படம் காட்டிட்டிருந்தே. இன்னைக்குத்தான் படம் எடுத்திருக்கே" என்று தோளில் தட்டினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூண்டு கழுவும்போதுகூட விசிலடித்தேன்.

அப்புறம் நல்ல படங்கள் நிறைய வந்தன. உதவிக்கு ஆள் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வேன். எத்தனை என்று கேட்டால், சுவரில் மாட்டியிருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அக்காவின் பூனை மாடியிலிருந்து விழுந்தது. ஒருக்களித்து ஒரு படம் போதும், தைத்துவிடலாம், பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அத்தான் கை கழுவப் போனார். அக்கா துண்டோடு அதை என்னிடம் கொடுத்தாள். "பயந்துக்கும்டா. பேசிக்கிட்டே இரு."

பேசிக்கொண்டேதான் இருந்தேன். மல்லாத்தி, கால்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் சொன்னேன். அடங்கியதும் எடுத்தேன். இதயத்துக்குப் பக்கத்தில் ஈரல், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு துல்லியம்.

அத்தான் படத்தைப் பார்க்கவேயில்லை. முழங்கைவரை கீறியிருந்த என் கையைப் பார்த்தார். அப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டார்.

அவரிடம் நான் பெரிதாக ஒன்றும் பொய் சொன்னதில்லை. வரிசையைத்தான் மாற்றிச் சொன்னேன். முதலில் மல்லாத்துவேன், உயிர் அப்புறம்தான் போகும். எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

"துடிச்சுதாடா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ரொம்பச் சமர்த்து."

அது பொய் இல்லை. படத்தைப் பாருங்கள். துடித்திருந்தால் ஆடியிருக்குமே.