நாலாம் நாள் ரத்தம்

– வண்டி சொல்லட்டுமா வேண்டாமா சிஸ்டர்? ஒரு வார்த்தை தெளிவா சொல்லுங்க.

– அவசரப்படாதீங்கம்மா. உங்க அக்கா வயிறு இப்படி உப்பிக்கிடக்கு. காலைல குடிச்ச பாலும் வெளிய வந்தாச்சு.

– பெரிய டாக்டரே ரிப்போர்ட்டப் பாத்துட்டு வீட்டுக்குப் போலாம்னுட்டாரே.

– ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. அதான் எனக்குக் குழப்பம்.

– நல்லா இருந்தா குழப்பமா? என்னமோ போங்க. கேட்டியா அக்கா இந்தக் கூத்த?

– எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். கர்ப்பப்பைய எடுத்தா வயிறு வலிக்காம என்ன செய்யும்? நாலு நாளா பிள்ளைங்கள விட்டுட்டு இருக்கேன், அனுப்பிடுங்க.

– காத்து பிரிஞ்சுதாக்கா?

– வீட்டுக்குப் போனா பிரியும்.

– நல்லா சொன்னீங்க. இங்க பாருங்க, ஆபரேஷன் ஆனா ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு ரெண்டு, மூணு நாள் ஏறும். அப்புறம் படிப்படியா எறங்கணும். எறங்கலன்னா, உள்ள குடல்ல அடிபட்டுக் கசியுதோன்னு பாக்கணும். உங்களுக்கு முந்தாநாள் நூத்தி இருவது. நேத்து இருநூத்திப் பத்து. இன்னைக்கு வெறும் ரெண்டு.

– ரெண்டுன்னா நல்லதா, கெட்டதா?

– நல்லதும்மா. கத்தியே படாத ஒடம்புலதான் ரெண்டு இருக்கும். ஒரே நாள்ல இப்படி எறங்கி நான் பாத்ததே இல்ல.

– அக்காவுக்குச் சீக்கிரம் ஆறுது, அவ்வளவுதான். நீங்க வேற பயமுறுத்தாதீங்க.

– லேப்ல ரெண்டு தடவ கேட்டுட்டேன். இந்தக் கட்டில்ல எடுத்த ரத்தம்தான்னு அடிச்சு சொல்றாங்க. ஏக்கா, காலைல எந்தக் கையில எடுத்தாங்க?

– எடுக்கவே இல்லையே. யாரும் வரல. நடந்தாத்தான் குடல் வேலை செய்யும்னு நீங்க வெரட்டுனீங்களே, நான் செவுத்தப் புடிச்சுக்கிட்டு வராந்தாவுல நடந்துட்டு இருந்தேன்.

– அப்ப இந்தக் கட்டில்ல யாரு இருந்தா?

– நான்தான் சிஸ்டர். நாலு நாளா நாற்காலில உக்காந்து முதுகு போச்சுன்னு கொஞ்சம் சாஞ்சேன். ஒருத்தர் வந்து கைய நீட்டுங்கன்னாரு. கூட இருக்கறவங்களுக்கும் பாப்பாங்க போலன்னு நீட்டிட்டேன். இதோ, பஞ்சு கூட இன்னும் ஒட்டிட்டு இருக்கு. அப்போ... அக்காவுக்கு இன்னைக்கு எவ்வளவு சிஸ்டர்?