மூன்று வேளை மணத்தக்காளி

"ஒரு மாசமா மருந்தைத்தான் திங்கேன், வயிறு இன்னும் எரியுதே" என்றார், திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர். மடியில் ஒரு தூக்குவாளி இருந்தது.

"என்ன மருந்து அத்தான்?" என்றான் பக்கத்திலிருந்த மச்சினன்.

"வைத்தியர் சொன்ன மணத்தக்காளிதான். குடல்புண்ணை ஆத்தும்னாரு. இன்னிக்கும் ஆறலைன்னா ஆபரேசன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"கீரையா அவிச்சுத் திங்கியளா?"

"கீரையை மனுசன் திம்பானா? வத்தலை வறுத்து, புளியும் மொளகாயும் அள்ளிப் போட்டு உங்க அக்கா குழம்பு வைப்பா. மூணு வேளையும் அதான்."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "புண்ணுல மொளகாயைப் பூசிட்டு ஆறலைங்கியளே. கீரையைத் தேங்காப்பால் ஊத்தி அவிச்சுல்லா திங்கணும். வாளியில என்ன?"

"மத்தியானத்துக்குக் குழம்பு."

"அதை இங்கன தாங்க. டாக்டர்கிட்ட இன்னும் ஒரு மாசம் கேப்போம். கீரையைத் தின்னு பாருங்க. வயித்துல கத்தி படாம தப்பிக்கலாம்லா?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அந்த வாளியை நானே பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். அவர் அதை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே மாப்ள, ஆபரேசன் பண்ணினா எத்தனை நாள் கழிச்சு குழம்பு ஊத்திக்கிடலாம்?"