கோபம் ஆறப் பத்து நாள்

மஞ்சள் விளக்கு எரிந்தால் நான் வண்டியை நிறுத்திவிடுவேன், மேடம். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்து என் பரம்பரையையே வசைபாடினாலும் நிறுத்திவிடுவேன். இன்று உங்கள் அலுவலகத்துக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் அப்படி நின்றேன். நான்கு நிமிடத் தாமதத்துக்கு அதுதான் காரணம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் வெண்டல் க்ரூம். பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் துப்பாக்கிக் கடை நடத்துகிறேன். துப்பாக்கிக் கடைக்காரன் என்றதும் ஜனங்கள் மீசை முறுக்கிய ஒரு முரடனை எதிர்பார்க்கிறார்கள். எனக்குத் துப்பாக்கிமீது பெரிய ஆசையெல்லாம் கிடையாது. சத்தம் கேட்டால் தலைவலி வரும். எனக்குப் பிடித்தது படிவங்கள். ஒரு கைத்துப்பாக்கி என் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்குள் கலிஃபோர்னியாவில் எத்தனை கட்டங்களை நிரப்ப வேண்டும், எத்தனை இடத்தில் கையெழுத்து, எங்கே கட்டைவிரல் ரேகை என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்ற கடைக்காரர்கள் இதைத் தலையெழுத்தே என்று செய்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை எப்போது முடியும் என்று காத்திருப்பேன்.

மூன்று வருடம் முன்பு மாநில ஆய்வாளர் ஒருவர் வந்து நாள் முழுக்க என் கோப்புகளைப் புரட்டினார். கிளம்பும்போது, "ஒங்க கடையில எனக்கு வேலையே இல்லைங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் கடையில் தொடங்கிய விண்ணப்பம் எதுவும் பாதியில் நின்றதில்லை, மேடம். ஒன்றுகூட. கில்பர்ட் விஷயத்தைப் புரிந்துகொள்ள இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கில்பர்ட் சில்வேரா ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்தார். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்பது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வெண்டல், எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். இன்னிக்கே வேணும். அந்த ஆர்வின் பயல இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும்."

ஆர்வின் டாக்கெட் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர், மனைவியை இழந்தவர். போன கிறிஸ்துமஸுக்குத் தன் வீட்டு முன்னால் எட்டடி உயரத்தில் ஒரு காற்றடித்த பனிமனிதனை நிறுத்தினார். துணிப் பொம்மைதான். ஒரு மின்விசிறி ஓயாமல் உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். ஜூலை வந்தும் அதை எடுக்கவில்லை. வெயில் நாற்பத்திரண்டு டிகிரி கொளுத்துகிறது. கேட்டால், அதைப் பார்க்கும்போது குளுகுளுவென்று இருக்கிறது என்றாராம். அந்த விசிறியின் உறுமல் கில்பர்ட்டின் படுக்கையறைச் சுவருக்கு நேராக விழுந்தது. எட்டு முறை போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அப்போதே கில்பர்ட்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். அனுப்பியிருக்கலாம். யாராக இருந்தாலும் விற்க மறுக்க எனக்கு உரிமை இருக்கிறது. யோசித்தேன். ஆனால் படிவம் என்ன கேட்கிறது? சிறைக்குப் போயிருக்கிறீர்களா, போதைப் பழக்கம் உண்டா, நீதிமன்றத் தடை உண்டா என்று கேட்கிறது. வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அரசாங்கமே கேட்காததை நான் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று பட்டது.

அன்றைக்கே வேண்டும் என்று நின்றார். மலையைத் தாண்டினால் பக்கத்து மாநிலம் நெவாடா, அங்கே காத்திருக்கத் தேவையில்லையாமே, போய் வாங்கிவிடட்டுமா என்றார். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர் அங்கே போய்க் கைத்துப்பாக்கி வாங்கிவர முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். இங்கே வாங்க வேண்டுமானால் முதலில் பாதுகாப்புப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றேன்.

"ஒருத்தன சுடுறதுக்குப் பரிட்சை வேறயா?"

"முப்பது கேள்வி, கில்பர்ட்."

முதல் தடவை தேறவில்லை. துப்பாக்கியை எப்போதும் பாதுகாப்பான திசையில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் எது பாதுகாப்பான திசை என்று கேட்டேன். ஆர்வின் வீட்டுப் பக்கம் என்றார். இரண்டு மணி நேரம் உட்கார வைத்து விரலை விசையில் வைக்காமல் பிடிக்கும் விதத்திலிருந்து சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் வந்து எழுதி இருபத்தெட்டு எடுத்தார். எனக்கே பெருமையாக இருந்தது. அன்று புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போனது. அந்த நிமிடத்திலிருந்து பத்து நாள் காத்திருக்க வேண்டும். நாள் கணக்கு இல்லை, மேடம், மணிக் கணக்கு. இருபத்துநான்கு மணி நேரம் பத்து தடவை.

எதற்கு இந்தப் பத்து நாள் என்று கேட்டார். கோபம் ஆறுவதற்கு என்றேன். ஆறாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆறிவிட்டது.

பதினோராம் நாள் அவர் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டேன். பின்னணியில் யாரோ சிரிக்கும் சத்தம்.

"அட, அத மறந்தே போயிட்டேன்யா. ஆர்வின் கறி சுட்டுக்கிட்டு இருக்கான். நீயும் வாயேன்."

நடந்தது இதுதான். ஆறாவது நாள் தெருவில் மின்சாரம் போயிருக்கிறது. பனிமனிதன் காற்றிறங்கி வேலியைத் தாண்டி கில்பர்ட்டின் கீரைப் பாத்தியில் குப்புற விழுந்திருக்கிறான். இரண்டு கிழவர்களும் திட்டிக்கொண்டே அதை மடித்திருக்கிறார்கள். குனிய முடியவில்லை. பேச்சில் பேச்சாக, இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர்தான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்து கெடுத்தார் என்று தெரியவந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்த டாக்டரைத் திட்டவே இருவருக்கும் நேரம் போதவில்லை. ஆர்வின் பொம்மையை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றி, ராத்திரியில் விசிறியை அணைத்தும் வைத்தார். கில்பர்ட் அவருக்குச் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்ட்டு கெட்டிக்காரத்தனமாத்தான்யா பத்து நாள் வெச்சிருக்கு. எனக்கு வேணாம். நீயே வெச்சுக்க."

வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிறகு ரொம்ப நேரம் அந்தத் துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது நாளுக்குள் வாங்கிக்கொண்டு போகாவிட்டால் விண்ணப்பம் காலாவதி. ஒப்படைக்கப்படவில்லை என்று நானே என் கையால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் நான் எழுதாத வாக்கியம். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு தேடினேன். பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. காத்திருந்தோம். ஆறிப்போன கோபத்தை மறுபடி சூடாக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

பதினைந்தாம் நாள் டோநட் கடையில் கில்பர்ட்டைப் பார்த்தேன். ஆர்வின் உங்களைச் செவிட்டு மாடு என்று சொல்கிறாராமே என்று மட்டும் கேட்டேன். கவனியுங்கள், கேள்விதான் கேட்டேன். தன் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்வதாகவும், தான் அவரை மொட்டை வாத்து என்று கூப்பிடுவதாகவும் சொல்லிச் சிரித்தார் கில்பர்ட். சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இரண்டு மனிதர்கள் இவ்வளவு எளிதாகப் பகையை விட்டுவிடலாமா?

பத்தொன்பதாம் நாள் விடியற்காலையில் பனிமனிதனின் மின்செருகியில் ஒரு டைமரைப் பொருத்தினேன். ஐந்து மணிக்கு விசிறி ஓடத் தொடங்கும்படி வைத்தேன். அதைக் கண்டுபிடித்த ஆர்வின், தூக்கம் வராமல் கில்பர்ட் செய்த வேடிக்கை என்று நினைத்து, ஐந்தரைக்கு முட்டையும் ரொட்டியுமாக அவர் கதவைத் தட்டினார். அது முதல் இருவரும் தினமும் ஒன்றாகக் காலை உணவு சாப்பிடத் தொடங்கினார்கள். நான் செய்த எதுவும் விளங்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் நாயை எடுத்தேன்.

கில்பர்ட்டிடம் பிங்கா என்று ஒரு நாய் இருந்தது. பன்னிரண்டு வயது, ஒரு கண்தான் தெரியும். அவர் மனைவி பிரிந்துபோனதற்குப் பிறகு அவரோடு பேச அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். பனிமனிதனின் காலடியில்தான் அது தினமும் சிறுநீர் கழிக்கும். ஒருநாள் இதைத் தொத்திறைச்சியாக்கிச் சாப்பிடப் போகிறேன் என்று ஆர்வின் சொல்வார். கில்பர்ட் பூண்டு கொஞ்சம் தூக்கலாகப் போடு என்பார். தெருவே கேட்டுச் சிரிக்கும் பேச்சு இது. நானும் கேட்டிருக்கிறேன்.

நான் அதைக் கொல்லவில்லை. அதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் பின்னிருக்கையில் துண்டு விரித்துப் படுக்கவைத்து நெவாடாவுக்கு ஓட்டிச் சென்றேன். மாநில எல்லை தாண்ட நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். கழுத்துப் பட்டையில் தொங்கிய தடுப்பூசித் தகட்டைக் கழற்றி எடுத்துப் போனேன். அங்கே ஒரு விலங்குக் காப்பகத்தில் ஒப்படைத்தேன். அவர்கள் கொடுத்த படிவத்தில் என் உண்மையான பெயரையும் முகவரியையும் எழுதினேன். அதை வைத்துத்தான் நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியும். எதையாவது எழுதியிருக்கலாமே என்று நேற்று உங்கள் சக அதிகாரி கேட்டார். படிவத்தில் பொய் எழுத எனக்குக் கை வராது.

கழுத்துப் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். அன்றைய சாப்பாட்டுக்கு வாங்கியிருந்த மாட்டிறைச்சியில் அதைப் புரட்டி, ஆர்வின் வீட்டுக் குப்பைத் தொட்டியில் மேலாகப் போட்டேன். இறைச்சியை வீணாக்கவில்லை, சமைத்துச் சாப்பிட்டேன்.

கில்பர்ட் மூன்று நாள் தெருத்தெருவாக நாயைத் தேடினார். ஆர்வினும் கூடவே தேடினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நொண்டிக்கொண்டே கால்வாய்க் கரை முழுக்க நடந்தார். சுவரொட்டிகூட அவர்தான் அச்சடித்தார். இருபத்தொன்பதாம் நாள் கில்பர்ட்டைக் கூப்பிட்டு விசாரித்தேன். எல்லா இடத்திலும் பார்த்தாயிற்றா, குப்பை வண்டி நாளைக்குத்தானே வருகிறது என்று கேட்டேன். மறுபடியும் கேள்விதான்.

முப்பதாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு, விண்ணப்பம் காலாவதியாக முப்பத்திரண்டு நிமிடம் இருக்கும்போது, கடைக் கதவு திறந்தது. இந்தத் தடவை முகம் சிவந்திருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். கையில் பிங்காவின் கழுத்துப் பட்டை இருந்தது.

ஒப்படைப்பதற்கு முன்னால் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரியும் என்று வாங்குபவர் செய்து காட்ட வேண்டும். குண்டறை காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் இடத்தில் தவறினார். முதலிலிருந்து செய்யச் சொன்னேன். மணி பதினொன்று இருபத்தாறு. இரண்டாவது தடவை சரியாகச் செய்தார். துப்பாக்கியோடு தர வேண்டிய பூட்டைக் கொடுத்தேன். கட்டைவிரல் ரேகை வாங்கினேன். கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கி. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"வெண்டல், அவன் எங்கூட மூணு நாள் தேடுனான்யா. கால வெச்சுக்கிட்டு நடக்க முடியாம நடந்தான். அப்படியும் ஒருத்தன் இருப்பானா? எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லு. நான் இத எடுத்துட்டுப் போகவா, வேணாமா?"

அவர் கண்ணில் நீர் இருந்தது. வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நின்றார். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. கடிகாரம் பதினொன்று முப்பத்தொன்று காட்டியது.

"அதப் பத்திப் படிவத்துல கேள்வி எதுவும் இல்ல, கில்பர்ட்" என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

பன்னிரண்டே காலுக்கு ஆர்வின் டாக்கெட் தன் வீட்டு வாசலில் இறந்துபோனார். கையில் சுவரொட்டி ஒட்டும் பசை டப்பா இருந்தது என்று செய்தித்தாளில் படித்தேன். துப்பாக்கியை அவரிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். அவர் சுடுவார் என்று தெரியாவிட்டால் நாயை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஏன் ஓட்டிப்போகிறேன்? அன்று மாலை கோப்பை மூடி வைத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்றுவரைக்கும் நன்றாகத்தான் தூங்கினேன். நேற்று நீங்கள் போகிற போக்கில் கேட்டீர்களே, அந்தத் துப்பாக்கி உண்மையில் யாருக்கு வேண்டியிருந்தது என்று. நீங்கள் அதை ஒரு கேள்வியாகக்கூட நினைத்திருக்க மாட்டீர்கள். என் தூக்கம் போய்விட்டது.

பினாமி என்று ஒரு குற்றம் இருக்கிறது, மேடம். ஒருவருக்கு வேண்டிய துப்பாக்கியை இன்னொருவர் பெயரில் வாங்குவது. எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. இதைத் தாங்கள் தங்களுக்காகத்தான் வாங்குகிறீர்களா என்று படிவம் கேட்கிறது. கில்பர்ட் ஆமாம் என்று குறித்திருந்தார். பன்னிரண்டாம் நாளே அவருக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அது அவருடைய கை வழியாகப் போக வேண்டும் என்று விரும்பியவன் நான் ஒருவன்தான். ராத்திரி முழுக்க எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. வாங்கியவன் நான். அவர் என் பினாமி. பத்தொன்பது வருடத்தில் என் கோப்பில் ஏறியிருக்கும் ஒரே பொய் அந்தக் கட்டத்தில் இருக்கிறது.

கில்பர்ட்டைச் சிறையில் எத்தனை வருடம் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் துறை. என்னை என்ன செய்தாலும் மறுப்பில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்றாலும் போடுகிறேன். அடுத்த ஆய்வுக்கு முன்னால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுதி, தேதி போட்டுத் தர அனுமதி உண்டா என்று உங்கள் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.