மச்சான் வேனுக்குத் துரு வைத்த விதம்

துரு வைப்பதில் அவசரம் கூடாது சார். பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆரஞ்சுப் பெயிண்டை அள்ளி அப்பிவிட்டு, துரு என்கிறார்கள். வண்டிக்கு அம்மை போட்டது போல இருக்கும். நான் முதலில் கரும்பழுப்பைப் பஞ்சால் ஒற்றுவேன். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தூளை ஒட்டி, மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்து, உப்பைத் தேய்த்து உதிர்ப்பேன். உரிந்த இடத்தில் துரு தானாக எட்டிப் பார்க்கும்.

இந்த முறை நான் செய்த குட்டி மாதிரி வண்டி, என் மச்சானின் ரொட்டி வேன். உள்ளங்கையில் அடங்கும். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, தங்கமான பையன்.

எங்கள் மாதிரி வண்டிச் சங்கத்துப் போட்டியில் ஒரு விதி உண்டு. அசல் வண்டியும் வாசலில் வந்து நிற்க வேண்டும். நடுவர் பூதக்கண்ணாடியோடு இரண்டையும் ஒப்பிடுவார். அசலில் இல்லாத துரு மாதிரியில் இருந்தால் தீர்ந்தது. போன வருடம் என் டிராக்டரைக் கையில் எடுத்து, எல்லார் முன்னாலும், "கற்பனை நல்லாருக்கு, நீங்க கதை எழுதப் போகலாம்" என்றார். வீடு வந்து சேரும்வரை காது எரிந்தது. இந்த வருடம் பரிசை வாங்கியே தீருவது என்றிருந்தேன். அதை மறைக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், மச்சான் வேனில் பொட்டுத் துரு கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவான். ஆசைக்குக் கதவுக் கீலின் அடியில் மட்டும் மாதிரியில் ஒரு கோடு இறக்கிப் பார்த்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு துரு அமைந்ததில்லை சார். அழிக்க மனம் வரவில்லை. வேனைத் திருத்துவது அதைவிடச் சுலபமாகத் தெரிந்தது.

மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். அவன் உண்ட மயக்கத்தில் தூங்கும்போது நான் வினிகரும் உப்புத் தண்ணீரும் துணியுமாக வெளியே வருவேன். ஒரு கோடு வந்ததும் அடுத்தது கேட்டது. மாதிரியில் ஒன்று வைப்பேன், வேனில் ஒன்று வைப்பேன்.

"கழுவக் கழுவ வருது மாமா. யாரோ கண்ணு வச்சிட்டாங்க போல" என்று ஒருநாள் தழுதழுத்தான். எனக்கே பாவமாகப் போய்விட்டது. காற்றில் ஈரம் அதிகம், மனசை விட்டுவிடாதே என்று தேற்றினேன்.

நடுவர் மாதிரியைக் கவிழ்த்தும் பார்க்கிற ஆள். அதனால் அடிப்பாகத்தையும் விட முடியவில்லை. மாதிரியில் ஒரு மெல்லிய குழாய் நன்றாக அரித்து வந்திருந்தது. அசலில் அது பளபளவென்று கிடந்தது. அதற்கு வினிகர் போதவில்லை, ஆசிட் வாங்கினேன். அது பிரேக் பைப் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும் சார். தெரியாத பாகத்தை நான் செய்வதில்லை.

போட்டி அன்று மச்சான் ஓட்டி வந்த வேன் மண்டபத்துச் சரிவில் இறங்கியது, நிற்கவில்லை. சுவர்தான் நிறுத்தியது. நடுவர் சாக்கடையில் குதித்துத் தப்பித்துக்கொண்டார். அவருக்குக் காயமில்லையே என்று முதல் வேலையாக விசாரித்தேன். மதிப்பெண் போட வேண்டியவர் அவர்தானே. போட்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

"என் தம்பி உங்களுக்கு என்னங்க பண்ணான்?" என்று மனைவி இங்கே ஸ்டேஷனுக்கே வந்து கேட்டாள். ஒன்றுமே பண்ணவில்லை. எனக்கும் அவனுக்கும் ஒரு மனஸ்தாபமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்து அழைக்கும்வரை நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மாதிரியின் முகப்பை அசலில் உள்ளபடியே நசுக்கினேன். ஸ்டியரிங் பக்கத்தில் மச்சானின் சின்ன உருவம் இருக்கிறது. இடது காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நானும் குட்டி ரம்பத்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டேன். பிசிறில்லாமல் வந்தது.

இப்போது, காலைக் காப்பாற்றிவிட்டார்களாம் என்று வாசலில் நிற்கும் காவலர் சொல்கிறார். சந்தோஷம் சார், சொந்தத் தம்பி மாதிரி அவன். எந்த வார்டில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.