சிவப்பு வராத பூ

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் ஸ்டேஷன் டீ எங்கள் ஆபீஸ் டீயைவிட நன்றாகவே இருக்கிறது. குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

திருச்செங்கோட்டில் எங்கள் முதலாளி சென்னிமலையின் போர்வெல் கம்பெனி இந்த எண்பத்தெட்டில்தான் கம்ப்யூட்டர் வாங்கியது. பார்த்துக்கொள்பவன் நான். நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி வேலை செய்கிற நிரலுக்கு ஷெல் என்று பெயர். அதில் மாறி என்று ஒன்று உண்டு. போட்டுவைத்ததைத் திருப்பித் தரும் வெறும் டப்பா. கேட்ட கணத்தில் தானாகப் பதில் சொல்கிற சிறப்பு மாறிகளைச் சேர்க்கலாம் என்று முதலாளியிடம் யோசனை சொன்னேன். மணி சொல்லும் மாறிக்குக் கொட்டாவி விட்டார். கேட்கும்போதெல்லாம் இரண்டில் ஒன்றை இஷ்டத்துக்குத் தரும் மாறி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கோயில்ல பூக் கேக்கறதாட்டவே இருக்குதப்பா.”

சிவப்பும் வெள்ளையுமாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டு, வெள்ளை வந்தால்தான் எங்கள் பக்கம் எதையும் தொடங்குவோம். மாறிக்கும் ‘பூ’ என்றே பெயர் வைத்தோம். மானிட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். கீபோர்டு மேல் கற்பூரம் ஏற்ற வந்ததை மட்டும் நான் தடுத்தேன்.

சிவப்பு வந்தால் முதலாளி விடமாட்டார். வெள்ளை வரும்வரை தட்டுவார். மற்ற வேலையெல்லாம் காத்துக் கிடக்கும். அதனால் எப்போது கேட்டாலும் வெள்ளையே வரும்படி மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சாமி மனமிரங்கிவிட்டதாக முதலாளி நினைத்துக்கொண்டார்.

அன்று ஏற்காட்டு மலைக்குப் போகவேண்டிய, துளை போடும் ரிக் லாரியில் பிரேக் பிடிக்கவில்லை என்றார் டிரைவர் காளியண்ணன். சரிசெய்துவிட்டுப் போவதா, அப்படியே போவதா? அப்படியே போகலாமா என்று முதலாளி ‘பூ’வைக் கேட்டார். வெள்ளை.

காளியண்ணன் சாவியோடு என் மேசைக்கு வந்தார்.

“ஏனுங்க தம்பி, நெசமாவே சாமிதான் சொல்லுதுங்களா? ஊட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க.”

நல்ல மனிதர். அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு.

“ஆமாங்கண்ணா, தைரியமாப் போங்க” என்றேன். மானிட்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே லாரி கிடந்த கோலத்தை நீங்களே பார்த்தீர்கள். முதலாளி தெய்வக் குற்றம் என்று அழுகிறார். அவரை விட்டுவிடுங்கள், பாவம்.

உண்மையைச் சொல்லியிருந்தால் காளியண்ணன் வண்டியைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் ராசிபுரத்து மில் முதலாளிகள் இரண்டு பேர் அப்போது என் ‘பூ’வைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் அதைப் பொய் என்று நானே எப்படிச் சொல்வது?

ஆளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நிரலில் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.